கூரைக்கு நூறு கிலோ

ரூஃப் டென்ட், அதாவது காரின் கூரை மேல் பொருத்தி விரித்துப் படுக்கும் டென்ட், வாங்கும் யோசனை இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் காரின் கையேட்டை எடுத்து, கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு 100 கிலோ. இங்கே ஆஸ்திரேலியாவில் ஓடும் குடும்ப எஸ்யூவிகள் பலவற்றுக்கும் 75 முதல் 100 கிலோவுக்குள்தான் இருக்கிறது. எந்த டென்ட் வாங்குவது, யார் மேலே படுப்பது, யார் கீழே படுப்பது, எந்தச் சாலையில் போகாமல் விடுவது என்று எல்லாவற்றையும் எங்களுக்கு அந்த ஒரு எண்தான் தீர்மானித்தது. அதனால்தான் டென்ட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தும் எடையில் ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது மெல்பர்னில். நான், கணவர், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன். விக்டோரியா மாநிலத்தில் ஒரே நிறுவனத்தில் 7 ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தால் நீண்ட பணி விடுப்பு எடுக்கலாம். பாதிச் சம்பளம் போதும் என்றால், அந்த விடுப்பை இரண்டு மடங்காக நீட்டித் தரும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் அது ஒத்து வந்ததும் கிளம்ப முடிவு செய்தோம். மேற்கே நல்லார்பார் சமவெளி வழியாகப் பெர்த், அங்கிருந்து கடலோரமாக புரூம், டார்வின், அப்புறம் நாட்டின் நடுவே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி வீடு. இப்படிச் சுற்றுகிறவர்களில் பெரும்பாலானோர் கேரவன் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதன் விலை எங்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு டன்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு குழந்தைகளோடு அவ்வளவு தூரம் போக எனக்கு மனமும் இல்லை. தினமும் இடம் மாறுகிற பயணத்துக்குக் கார் மேல் விரியும் டென்ட் வசதி என்று பட்டது.

அந்த 100 கிலோவைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டென்ட்டே 60 கிலோ என்றால் அதில் நான்கு பேர் ஏறிப் படுத்தால் கூரை என்ன ஆகும்? கையேட்டில் போட்டிருக்கும் எடை, வண்டி ஓடும்போது கூரை சுமக்கக்கூடியது. பிரேக் போடும்போது, வளைவில் திரும்பும்போது, பள்ளத்தில் விழுந்து எழும்போது மேலே இருக்கும் சுமை கூரையைப் பலமடங்கு விசையோடு இழுக்கும். அதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் எண்ணைக் குறைத்துப் போடுகிறார்கள். வண்டி நின்றுவிட்டால் இந்த ஆட்டம் கிடையாது. எடை, டென்ட்டைத் தாங்கக் கூரையில் மாட்டும் ராக் என்ற சட்டத்தின் கால்கள் வழியாக வண்டியின் தூண்களில் இறங்கி நிற்கும். கிழக்கு ஜெர்மனியில் 1970களில் கெர்ஹார்ட் முல்லர் என்பவர் டிராபன்ட் காருக்கு ஒரு கூரை டென்ட் செய்தார். டிராபன்ட் சுமார் 600 கிலோ எடையுள்ள பொம்மை போன்ற கார். அதன் தலையில் டென்ட்டை விரித்து மக்கள் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, நாங்கள் மேலே ஏறிப் படுப்பதைப் பற்றி எனக்குப் பயம் போய்விட்டது. ஓடும்போது என்ன ஆகும் என்பதுதான் மிச்சமிருந்த கவலை.

அந்தக் கணக்கு ஈவிரக்கமில்லாதது. 100 கிலோவில் ராக்கின் எடையும் அடக்கம். எங்கள் ராக் 27 கிலோ. பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் ஆனிங் 12. மிச்சம் 61. கடைக்காரர்கள் 'நான்கு பேர் குடும்பத்துக்கு' என்று காட்டும் பெரிய டென்ட்கள், அதிலும் மேலே கெட்டியான ஓடு போட்டவை, அநேகமாக எல்லாமே 70 கிலோவைத் தாண்டின. சில 90ஐயும் தொட்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. உள்ளே நால்வரும் ஏறிப் படுத்தும் பார்த்தோம். மகன் இறங்கவே மாட்டேன் என்றான். ஆனால் அவற்றை எங்கள் வண்டியில் ஏற்றினால் கணக்கு உதைக்கும். 'எல்லோரும் போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது' என்று ஒரு கடையில் சொன்னார்கள். எல்லோரும் போடுவது உண்மைதான். ஆனால் வளைவில் திரும்பும்போது உள்ளே உட்கார்ந்திருப்பது என் பிள்ளைகள்.

ராக்குக்கும் தனியாக ஓர் எடை வரம்பு உண்டு, ராக்கைப் பிடித்திருக்கும் கால்களுக்கும் உண்டு. இவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. மண் சாலை என்றால் அதுவும் இறங்கும். ரைனோ-ராக் நிறுவனம் தன் ராக்குகளுக்குக் கரடுமுரடான பாதையில் வரம்பை 1.5ஆல் வகுக்கச் சொல்கிறது. எங்களுடையது வேறு நிறுவனத்து ராக். ஆனாலும் நியாயமான கணக்கு என்று பட்டதால் அதையே வைத்துக்கொண்டோம். 100 என்பது 66 ஆகிவிடுகிறது. இந்த எண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆக 61 கிலோவுக்குள் என்றால் எங்களுக்குக் கிடைத்தது, பாதியாக மடித்து மேலே உறை போட்டு மூடும் துணி டென்ட். விரித்தால் அகலம் 140 செ.மீ., நீளம் 240 செ.மீ. எடை 58 கிலோ. பெட்டியில் 'மூவருக்கு' என்று அச்சடித்திருந்தது. 140ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 47 செ.மீ. கூட இல்லை. இங்கே விற்கும் டபுள் கட்டில் 138 செ.மீ.; அதாவது நம் வீட்டு டபுள் கட்டிலில் மூன்று பெரியவர்கள் படுப்பது போல. டென்ட் கம்பெனிகள் போடும் ஆள் எண்ணிக்கையை நம்பாமல் அகலத்தைக் கட்டிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெரியவரும் இரண்டு குழந்தைகளும் என்றால் 140 செ.மீ. தாராளம். இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் என்றால் முடியவே முடியாது.

அப்போதுதான் கணவர் சொன்னார், "நான் கீழே ஸ்வாக்ல படுத்துக்கிறேன். நீ பசங்களோட மேல படு." ஸ்வாக் என்பது ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்க்கப் போனவர்களும் மாட்டுப் பண்ணை ஆட்களும் காலங்காலமாகப் பயன்படுத்தி வரும் சுருட்டுப் படுக்கை. கனமான கேன்வாஸ் உறை, உள்ளே மெத்தை, தலைப் பக்கம் ஒரு சின்ன வளைவுக் கம்பி. உருட்டிப் போட்டால் படுக்கை, சுருட்டினால் மூட்டை. அதை வண்டிக்குள்ளேயே வைக்கலாம் என்பதால் கூரைக் கணக்கில் வராது. "உனக்குச் சரியா?" என்று அவர் இரண்டு மூன்று முறை கேட்டார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒரே கூரையின் கீழ் நால்வரும் என்ற ஆசையை விட்டுவிட்டதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. டென்ட்டின் வெளிப்பக்கத்தில் கீழே தொங்கவிட்டு ஓர் அறை போலாக்கும் துணியும் கூடவே வந்தது. இரண்டு மூன்று நாள் தங்கும் இடங்களில் அதை மாட்டினால் ஸ்வாக் அதற்குள் போய்விடும், உடை மாற்றவும் மறைவு கிடைக்கும். ஒரே இரவு என்றால் அதைத் தொடவே மாட்டோம்.

கெட்டி ஓடு நல்லதா, துணி உறை நல்லதா என்ற வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சிப்பி போல் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ஓட்டு டென்ட், கொக்கியைக் கழற்றித் தூக்கினால் ஒரு நிமிடத்தில் நிற்கும். துணி டென்ட்டுக்கு உறையின் ஜிப், பட்டைகள், ஏணியைப் பிடித்து இழுத்து விரிப்பது, ஜன்னல் கம்பிகள் என்று பத்து நிமிடமாவது ஆகும். மடிக்க இன்னும் கூட. இருவர் மட்டும் போவதாக இருந்தால் நானும் ஓட்டு டென்ட்தான் வாங்கியிருப்பேன். ஆனால் அதன் அகலம் கூரையின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். கால் பக்கம் வேறு தாழ்ந்து போகும். இரண்டு குழந்தைகளோடு அதில் இடம் போதாது. அகலமாக விரியும் ஓட்டு டென்ட் வேண்டுமானால் எடை கூடிவிடும். அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் துணிக்கு வந்து சேர்ந்தோம்.

நீண்ட பயணத்துக்கு டென்ட் தேர்ந்தெடுக்கும்போது, விரிப்பதைவிட மடிப்பதைக் கவனியுங்கள் என்பேன். மாலையில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். காலையில் பனியில் நனைந்த துணியை, விரல்கள் விறைத்திருக்க, பசி என்று அழும் பிள்ளையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மடிக்க வேண்டும். அதுவும் நாளைக்கும் நாளன்றைக்கும். கடையில் விற்பனையாளர் மடித்துக் காட்டுவதை வேடிக்கை பார்க்காதீர்கள். நீங்களே மடியுங்கள், வீட்டில் உயரம் குறைந்தவர் மடிக்கட்டும். நான் ஐந்தடி. பின் சக்கரத்தின் மேல் ஏறி நின்றால்தான் உறையின் ஜிப் எட்டும். என் கை எட்டாத இரண்டு மாடல்களைக் கடையிலேயே ஒதுக்கிவிட்டோம். போர்வைகளை உள்ளேயே வைத்து மூட முடிகிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் மெத்தையும் மெல்லிய ரஜாய்களும் உள்ளே அடங்கும், தலையணைகள் அடங்காது.

எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பின்பக்கம் திறக்கும்படி பொருத்தினால் டிக்கியின் மேல் டென்ட் நிழல் போல வந்துவிடும். மழைக்கு நல்லதுதான். ஆனால் எங்கள் சமையலறை டிக்கியில்தான் இருந்தது. ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், மசாலா டப்பா எல்லாம் அங்கே. டென்ட் துணிக்குக் கீழே அடுப்பு பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. மேலே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால் இடப் பக்கம் திறக்கும்படி பொருத்தினோம். இங்கே சாலையில் இடப் பக்கமாகப் போவதால், ஓரமாக நிறுத்தினால் ஏணி போக்குவரத்து இல்லாத பக்கம் இறங்கும். ஆனிங் வலப் பக்கத்துக்குப் போனது. காலையில் பிள்ளைகள் மேலே தூங்க, பின்னால் திறந்த வெளியில் இட்லி வெந்துகொண்டிருக்கும். மாவு அரைக்க முடியாத நாட்களில் ரவா இட்லி.

ஏணிதான் குடும்பங்களுக்கு உண்மையான சோதனை. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம். நடு ராத்திரியில் 'அம்மா, உச்சா' என்று ஐந்து வயதுக் குழந்தை எழுப்பும்போது இருட்டில் அதில் இறங்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி, பிள்ளைகள் தனியாக ஏணியைத் தொடக் கூடாது என்பது. முதலில் நான் இறங்குவேன், இரண்டு படி கீழே நின்று அவர்கள் இறங்கும்வரை பின்னாலிருந்து அணைத்தாற்போல் வருவேன். தலையில் மாட்டும் டார்ச் ஜிப்புக்குப் பக்கத்திலேயே தொங்கும். வாசலை ஒட்டி நான், சுவர்ப் பக்கம் மகள், நடுவில் மகன் என்று படுத்தோம். பையனை வாசல் ஓரம் ஒரு நாளும் படுக்க வைக்கவில்லை. பெர்த்தில் என் மாமியார் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டு எக்ஸ்மத் வரைக்கும் வந்தார்கள். ஏணியைப் பார்த்ததும், "என் முட்டிக்கு இது ஆகாதும்மா, நீங்க ஏறுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் இருந்தவரை கேரவன் பார்க்கில் கேபின் எடுத்தோம். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் ரூஃப் டென்ட்டை நம்பாதீர்கள்; கேபின் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

துணி விஷயத்தில் பருத்தி கலந்த கேன்வாஸைத்தான் சொல்வேன். பாலியஸ்டர் லேசு, சீக்கிரம் காயும். ஆனால் மூன்று பேர் மூச்சுவிட்டால் விடியும்போது உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கும். கேன்வாஸ் கொஞ்சம் மூச்சுவிடும். புது கேன்வாஸை முதல் பயணத்துக்கு முன்னால் நன்றாகத் தண்ணீர் அடித்து நனைத்து முழுதாகக் காயவிட வேண்டும். நூல் ஊறி உப்பி, தையல் ஊசி போட்ட ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அதைச் செய்யாமல் எடுத்துப் போய், முதல் மழையில் ஒழுகுகிறது என்று டென்ட்டைத் திட்டுகிறவர்கள் உண்டு. மெத்தைக்கு அடியில் காற்றுப் போக வலைப்பாய் ஒன்று விரிப்பதும் அவசியம். இல்லாவிட்டால் உடம்புச் சூட்டில் மெத்தையின் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். எவ்வளவு குளிராக இருந்தாலும் எதிரெதிர் ஜன்னல்களை விரற்கடை திறந்து வைத்துத்தான் படுத்தோம். ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், உலுரு பக்கம் இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் கம்பளி எடுத்து வரவேண்டும்.

கூரையைப் போலவே மொத்த வண்டிக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. ஆட்கள், எரிபொருள், தண்ணீர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் சேரும். கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றி, நாங்களும் உட்கார்ந்துகொண்டு எடை மேடையில் நிறுத்திப் பார்த்தோம். வரம்பை உரசிக்கொண்டு நின்றது. இரண்டு பெட்டிகளை இறக்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனோம். எதை விட்டாலும் தண்ணீரை விடக் கூடாது. நல்லார்பாரில் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, 200 கி.மீ.க்குள் எரிபொருளும் சாப்பாடும் விற்கும் ரோடுஹவுஸ் ஒன்று வரும், அங்கேயும் குடிதண்ணீர் கிடைப்பது அரிது. பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. எதிர்க்காற்றில் கூரையில் டென்ட் இருப்பதன் விலை அங்கேதான் தெரியும். டீசல் முள் சட்டென்று இறங்கும். வடக்கே போனால் பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் ரோடு டிரெயின் லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரைக்கும் வரும். அவை எதிரே கடக்கும்போது காற்று அறைந்து வண்டி ஒரு பக்கம் தள்ளும். தலை கனத்த வண்டி இன்னும் தள்ளும். மணிக்கு 90 கி.மீ.க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்து அப்படியே ஓட்டினோம். எரிபொருள் போட நிறுத்தும் இடத்திலெல்லாம் டென்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கணவர் ஸ்பேனர் வைத்துத் தொட்டுப் பார்ப்பார்.

காற்று இரவிலும் விடாது. ஜெரால்ட்டனுக்குத் தெற்கே கிரெனஃப் பக்கம் மரங்கள் தரையோடு தரையாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும். உப்புக் கலந்த கடல் காற்று ஆண்டு முழுவதும் அடித்து அப்படி ஆக்கியிருக்கிறது. அந்த மரங்களைப் பார்த்தபின் அங்கே டென்ட்டை விரிப்பதா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அன்றைக்கும் கேபின்தான்.

இப்போது அந்த 66 கிலோவுக்கு வருகிறேன். டெர்பியிலிருந்து குனுனரா பக்கம் போகும் கிப் ரிவர் ரோடு 660 கி.மீ. நீளம், பெரும்பகுதி மண் சாலை. நாட்டின் வடமேற்கிலுள்ள கிம்பர்லி பகுதிக்குப் போகிறவர்கள் அதை விடமாட்டார்கள். சலவைப் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும் அந்தச் சாலையில், ராக்கும் ஆனிங்கும் டென்ட்டுமாக 97 கிலோவைக் கூரையில் வைத்துக்கொண்டு போக எங்கள் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் ஃபிட்ஸ்ராய் கிராசிங், ஹால்ஸ் கிரீக் வழியாகத் தார்ச் சாலையிலேயே போனோம். பங்கிள் பங்கிள் மலைகளுக்கு நெடுஞ்சாலையிலிருந்து 53 கி.மீ. கரடுமுரடான பாதை. வண்டியைச் சாலையோரக் கேரவன் பார்க்கில் விட்டுவிட்டு, அங்கிருந்து கூட்டிப்போகும் சுற்றுலா பஸ்ஸில் போய்வந்தோம். தேனீக்கூடு மாதிரி ஆரஞ்சும் கறுப்புமாக வரி போட்ட அந்தக் குன்றுகளை மகள் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறாள். கிப் ரிவர் ரோடு கட்டாயம் போகவேண்டும் என்று இருப்பவர்கள், டென்ட் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட்டு, கூரையை லேசாக வைத்துக்கொண்டு தரை டென்ட்டோடு போகலாம். கக்காடு, உலுரு, கிங்ஸ் கேன்யன் மூன்றுக்கும் தார்ச் சாலை இருக்கிறது. ஆகவே நாங்கள் இழந்தது அதிகமில்லை.

ரூஃப் டென்ட்டால் எங்களுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், நெடுஞ்சாலை ஓர ஓய்வு இடங்களைச் சொல்வேன். கல் தரை, ஆணி இறங்காது. மேற்கு ஆஸ்திரேலியாவில் டபுள் ஜீ என்று ஒரு முள் இருக்கிறது, செருப்பையும் துளைத்துவிடும். எறும்பு, செம்மண், ஈரம் எதுவும் மேலே வராது. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தாலும் பிள்ளைகளைப் பத்து நிமிடத்தில் மேலே படுக்க வைத்துவிடலாம். வண்டி சமமாக நிற்க மட்டும் டயருக்கு அடியில் பலகைத் துண்டு வைக்க வேண்டும். சரிவில் படுத்தால் பிள்ளைகள் உருண்டு ஒரு மூலையில் குவிந்துவிடுவார்கள். முதலை இருக்கும் வடக்கில் மேலே படுத்தால் பாதுகாப்பு என்று எண்ணித் தண்ணீர் ஓரம் நிறுத்தக் கூடாது. கரையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளித்தான் முகாம் போட வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை. கீழே ஸ்வாக்கில் ஓர் ஆள் படுப்பதால் நாங்கள் அதைவிடத் தள்ளியே நிறுத்தினோம்.

ஆனால் ஒரே இடத்தில் பல நாள் தங்கினால் கதை வேறு. நிங்கலூ கடலோரம் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் தங்கினோம். டர்க்காய்ஸ் பேயில் கரையிலிருந்து நடந்து இறங்கினாலே பவளமும் மீனும் தெரியும். அங்கே போக வேண்டுமானால் கார் வேண்டும், கார் போக வேண்டுமானால் டென்ட்டை மடிக்க வேண்டும். கீழே தொங்கும் அறையும் டென்ட்டோடு சேர்ந்ததுதான், அது மட்டும் தனியாக நிற்காது. பக்கத்து இடத்தில் தரை டென்ட் போட்டிருந்த குடும்பம் காலையில் துண்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறிக் கிளம்பிவிடும். நாங்கள் மடித்துக் கட்டிக் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடும். தினமும் நகரும் பயணத்துக்கு ரூஃப் டென்ட், தங்கிச் சுற்றும் பயணத்துக்குத் தரை டென்ட் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

வரும் ஜனவரியில் டாஸ்மேனியா போகிறோம். ஜீலாங்கிலிருந்து கப்பல். டிக்கெட் போடும்போது வண்டியின் உயரத்தையும் கேட்கிறார்கள். அங்கே இரண்டே இடங்களில் தங்கிச் சுற்றுவதாகத் திட்டம் போட்டிருப்பதால், கூரையைக் காலியாக விட்டுவிட்டுத் தரை டென்ட்டோடு போகிறோம். மகள் தனக்கென்று ஒரு சின்ன ஸ்வாக் கேட்டிருக்கிறாள்.